ஸுலைஹா ராத்தா எனக்குச் சொல்லாமல் விட்ட சொல்

வெள்ளிக்கிழமை முற்பகலில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி மௌத்து அறிவித்தலைத் தொடங்கியபோது தையல் இயந்திரத்தை நிறுத்தினேன். பெயரைக் கேட்ட பின் அதனை மீண்டும் மிதிக்க என்னால் இயலவில்லை. மருதமுனையில் ‘பால் கிதாபு’ என்னும் பலன் நூலைப் பார்த்து வந்த ஸுலைஹா ராத்தா வபாத்தாகி, எங்களை விட்டுப் போய்விட்டார்.

வெளிநாடு சென்றோரின் மனைவியர், கடிதம் வராத நாட்களில் அவரையே நாடினர். கண்களை மூடிக் கிதாபை விரித்து, விரல் பட்ட வரியைப் படித்துப் பலன் சொல்வார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சுயமாகக் கற்ற நான், மாதர் சங்கக் கையெழுத்துச் சஞ்சிகையில் இதனைக் கண்டித்து நான்கு பக்கம் எழுதினேன். ‘பால்’ என்பது வருங்காலம் உரைத்தல். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்பது என் வாதம்.

வாசித்துவிட்டு அவரே என் வாசலுக்கு வந்தார்.

“நல்ல தமிழ் புள்ள, பாதி விளங்கல்ல,” என்று சிரித்தார். அவரை அறிந்தோர்க்கு அச்சிரிப்பை நான் வருணிக்க வேண்டியதில்லை. “ஆனா கருத்துப் பிழை. பாலெண்டா நல்ல சொல்லு. கெட்டது வந்தா நான் மற்றப் பக்கம் புரட்டிருவன்.”

அறபு கற்ற மௌலவி ஒருவரும், நற்சொல் என்பதே அதன் பொருளென்று பின்னர் உறுதிப்படுத்தினார். நான் திருத்தம் வெளியிடவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், குவைத்திலிருந்த என் கணவரிடமிருந்து ஐந்து மாதங்கள் கடிதமில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, ராத்தா வீட்டுப் பின்வாசலால் நுழைந்தேன். கிதாபை விரித்தார், வரியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிவிட்டார். ஒரு வார்த்தையும் இல்லை. கெட்டதைச் சொல்லாதவரின் மௌனத்தை நான் வேறெவ்வாறு விளங்கியிருப்பேன்? வீடு திரும்பி, கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்கென வெள்ளைத் துணி எடுத்து வைத்தேன்.

மூன்று மாதங்களின் பின் என் கணவர் உயிரோடு வந்திறங்கினார். ராத்தாவிடம் ஓடினேன்.

“அண்டைக்கு ஏன் வாயத் திறக்கல்ல?”

“நல்லதுதான் வந்திச்சி. சொன்னா நீ நம்பவா போறாய்? இன்னும் நாலு பக்கம் எழுதுவாய் எண்டு பயந்திட்டன்.”

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஊரெல்லாம் பெற்ற சொல்லை என் கல்விச் செருக்கே எனக்கு இல்லாமலாக்கியிருந்தது.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற பின் அவரது மகள் என் கையைப் பற்றினாள்.

“சாச்சி, உம்மாட கபுறு வெளிச்சமா இருக்குமா?”

கபுறெனும் மண்ணறையின் நிலையை நான் அறியேன். அறியாததைச் சொல்லாதவள் என்று பெயரெடுத்தவளும் நானே.

“ஓம் மகள், வெளிச்சமா இருக்கும்,” என்றேன்.

ராத்தாவிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது அந்த நற்சொல்லே. வரும் மாதம் என் மகன் ஸவூதிக்குப் புறப்படுகின்றான். அவன் சுகமாய் வருவான் என்று எனக்குச் சொல்ல, இனி அவர் இல்லை.