பேண்ட் ஸ்விட்ச்சில் மெஷின் எண்ணெய்

1. யுத்தம் முடிந்த சமயம். மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த ரேடியோ ரிப்பேர் கடைக்குத் தையற்காரர் மஸ்தான் பாய் தம் செட்டைத் தோளில் சுமந்து வந்தார்.

2. மீடியம் வேவில் மெட்ராஸ் தெளிவாகக் கேட்டது. ஷார்ட் வேவுக்குத் திருப்பினால் ஒன்றுமில்லை.

3. அன்று சாயங்காலம் சிங்கப்பூர் நிலையத்தில், அங்கே சிக்கியவர்கள் ஊருக்குச் சொல்லும் சேதிகளை வாசிப்பார்கள். பாயின் தம்பி காதர் அங்கே போனவர். சண்டை தொடங்கியபின் கடிதமே இல்லை. அதற்கு முந்தின வாரம் காதரின் அறைத்தோழர் பெயர் வந்திருந்தது.

“மெட்ராஸ் பேசிக்கினு கீது, சிங்கப்பூர் வாயே தொறக்கல. இன்னாமா இது?” என்றார் பாய்.

“எங்காத்துல வந்து கேளுமேன்” என்ற முதலாளி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். “இன்னிக்கு ரேடியோல கச்சேரி. ஆத்துக்காரி முள்ளை நகர்த்த விடமாட்டா.”

பிறகு என்னிடம், “ரோஸி, ட்ரிம்மரைத் திருகிப் பாரேன்” என்றார்.

“வேண்டாம் சார். முதலில் ஸ்விட்ச்சைப் பார்க்கிறேன்.”

நிலையம் முள்ளில் எந்த இடத்தில் வரும் என்பதை நிர்ணயிக்கும் சின்னத் திருகுதான் ட்ரிம்மர். ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனிக் கம்பிச்சுருள் உண்டு. பேண்ட் ஸ்விட்ச்தான் அவற்றை மாற்றி மாற்றி இணைக்கிறது. அடித்தட்டைக் கவிழ்த்தேன். ஷார்ட் வேவ் பக்கத்துத் தொடுமுனைகளில் எண்ணெயும் நூல் பிசிறும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தன.

“எண்ணெய் விட்டீங்களா பாய்?”

“திருப்ப கஷ்டமா இருந்திச்சு. தையல் மெஷினுக்கு வுடற எண்ணெதான், நல்ல எண்ணெ. தம்பி இருந்தப்போ அவன்தான் இதெல்லாம் பாப்பான்.”

“நல்ல வேளை, பித்தான் தைக்கல” என்றார் முதலாளி.

தூரிகையை ஸ்பிரிட்டில் தோய்த்து, தொடுமுனைகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன். தளர்ந்த ஒன்றை லேசாக வளைத்தேன். ஷார்ட் வேவில் இரைச்சல் வந்தது. இரைச்சலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் பாய்தான். சிங்கப்பூர் எப்போதும் வரும் இடத்திலேயே வந்தது. ட்ரிம்மரைத் தொட்டிருந்தால் அதைத் தேடியே பொழுது போயிருக்கும்.

கடையிலேயே கேட்டோம். நாகப்பட்டினத்துக்கு, காரைக்காலுக்கு, ராமநாதபுரத்துக்கு என்று வாசித்துக்கொண்டே போனார்கள். பாய் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

“மயிலாப்பூர் மஸ்தானுக்கு, தம்பி காதர். சௌக்கியம். கப்பலுக்குக் காத்திருக்கிறேன். மெஷினுக்கு எண்ணெய் விட மறக்க வேண்டாம்.”

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இவனுக்கு இன்னா பதில் சொல்றது?” என்றார்.

எனக்குக் கிடைத்த பாடம் இது: ஸ்விட்ச் சுத்தமாகும்வரை ட்ரிம்மரில் கை வைக்கக் கூடாது. காதர் வந்து சேர்ந்துவிட்டார். செட் ஓடுகிறது. எண்ணெய்க் கேன் அவர் வசம் இருக்கிறது.