பூச்சி அரித்த பக்கம்

மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை போனது பத்து வயதில். திரும்பி வந்ததும் அதே வருடம்தான். இரண்டுக்கும் காரணம், கட்கி பஜாரில் பழைய பேப்பர் கடையிலிருந்து அத்தை வாங்கி வந்த ஒரு தமிழ் மாந்திரீகப் புத்தகம்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா நாசிக்கில் வேலை என்று போய் நான்கு வருடமாகத் திரும்பாததால் எங்கள் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தாள். அவளும் அப்பாவும் கட்கியிலேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் பேசுவது தமிழ். அதில் ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. அட்டையில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்த சக்கரத்தைப் பார்த்தே அது என்ன புத்தகம் என்று கண்டுகொண்டிருக்கிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அவள் கண்ணில் பட்டால் புத்தகம் நேரே குப்பைக்குப் போகும். மிச்சம் இருந்தது, நான்காம் வகுப்புவரை வேலூரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்த நான். ‘எங்க வீட்டுப் பண்டிதை’ என்று அத்தை எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாள். அந்தப் பட்டம்தான் என்னைக் கெடுத்தது.

அத்தை கேட்பதற்கு முன்பே நான் புத்தகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைய ஒரு மை சொல்லியிருந்தது. கிடைத்த கரியை எண்ணெயில் குழைத்து நெற்றியில் பூசி அம்மா முன்னால் போய் நின்றேன். “மூஞ்சிய கழுவினு போய் பால் வாங்கினு வா” என்றாள் அம்மா. அத்தோடு நம்பிக்கை ஒழிந்தது.

ஒருநாள் மத்தியானம் அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். “போன புருஷன் திரும்பி வர்றதுக்கு இன்னா போட்டுக்குது, படி. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத, ஹா?”

வசியப் பக்கத்தில் மந்திரம் இருந்தது. அதற்குக் கீழே, எத்தனை நாள், என்ன பத்தியம் என்ற இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. பண்டிதை எப்படித் தெரியவில்லை என்று சொல்வாள்? எப்படியும் புத்தகமே பித்தலாட்டம். சித்தி இருந்த விரதம் ஒன்று ஞாபகம் வந்தது. “நாற்பத்தெட்டு நாள் உப்பு ஆகாது” என்று வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை.

அன்றிலிருந்து அத்தை உப்பைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெறும் கஞ்சி குடித்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன், பள்ளிக்கு நேரமாகிவிடும்.

முப்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வாசலில் மாமா நின்றார். நான் கட்டிவிட்ட பொய் ஆளையே இழுத்து வந்துவிட்டது!

மாமா தனியாக வரவில்லை. அவர் தோளில் இரண்டு வயதுப் பையன், அச்சாக அவர் முகம். நாசிக்கில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. அந்தப் பெண் போன வாரம் ஜுரத்தில் செத்துப்போனாள் என்றார். அப்பா, “வந்துட்டாரு இல்ல, அது போதும்” என்றார். அம்மா அவருக்குத் தட்டு வைத்தாள். அத்தை மட்டும் சுவரோடு சுவராக நின்றாள்.

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போய், விரல் விட்டு நாளை எண்ணினேன். போன வாரம் என்றால், அத்தை பத்தியம் ஆரம்பித்த பிறகு. மாமாவைக் கொண்டுவர மந்திரம் அந்தப் பெண்ணைக் கொன்றிருக்கிறது. வாசித்தது நான்.

சாயங்காலம் அத்தை மறுபடியும் புத்தகத்தோடு வந்தாள்.

“வந்தவன திருப்பி அனுப்பறதுக்கு இதுல இருக்குதா, பாரு.”

இருந்தது. ஒரு முழுப் பக்கம், பூச்சிகூடத் தொடாதது. இந்த முறை யார் சாவார்களோ என்று பயந்து புத்தகத்தை மூடினேன்.

“அந்தப் பக்கத்தையும் பூச்சி அரிச்சிடுச்சி அத்தை” என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சரி, வுடு” என்று உள்ளே போனாள். பையன் பசியில் அழுதுகொண்டிருந்தான். சோற்றில் பருப்பு விட்டுப் பிசைந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று தன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அவனுக்கு ஊட்டினாள். அடுத்த வாரம் மூவரும் நாசிக்குக்குப் போனார்கள்.

ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த வீட்டில், உனக்கு இது சம்மதமா என்று அத்தையை ஒருவரும் கேட்கவில்லை. நான் எதையாவது கட்டி வாசித்திருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு, முடியாது என்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். அதற்காகத்தான் என்னிடம் வந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.