இயர் மஃப்புக்குள்ள ஒரு பாட்டு

இதைப் படிக்கிறப்ப காதுல இயர்பட் இருந்தா கழட்டிட்டுப் படிங்க.

சாங்கி ஏர்போர்ட்ல பிளேன் பக்கத்துல நின்னு கார்கோ ஏத்தி இறக்குறது என் வேலை. இஞ்சின் சத்தம் தாக்காம இருக்க, காதை மூடுற இயர் மஃப் கொடுத்திருக்காங்க. நான்தான் டிகிரி முடிச்ச புத்திசாலியாச்சே! அந்த மஃப்புக்குள்ள இடது காதுல மட்டும் இயர்பட் சொருகி, இஞ்சினைத் தாண்டிக் கேக்கணும்னு ஃபுல் வால்யூம்ல பாட்டு வச்சுக்குவேன். சூப்பர்வைசர் கண்ணுக்கே தெரியாது. செம ஐடியான்னு நெனச்சேன்.

அப்புறம் காலையில அலாரம் கேக்காமப் போக ஆரம்பிச்சுது. அக்கா வந்து கத்துவா: "டேய், வீடே எந்திரிச்சிருச்சு, உனக்கு மட்டும் கேக்கலயா?" வலது காது தலகாணியில அமுங்குற மாதிரி படுத்தா மட்டும்தான் இப்படின்னு ஒரு நாள் புரிஞ்சுது. பயந்துபோய் காது டெஸ்டுக்குப் போனேன்.

கண்ணாடி ரூம்ல ஹெட்ஃபோன் மாட்டி உக்கார வச்சாங்க. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கணும். வலது காது ஈஸி லா. இடது காதுக்கு மாறினதும் ஒண்ணுமே வரல. மெஷின் கெட்டுப்போச்சுன்னு கண்ணாடியைத் தட்டினேன்.

"எப்ப மேடம் ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

டெஸ்ட் எடுத்த மேடம் ஒரு மாதிரி பாத்தாங்க. "ரொம்ப நேரமா கீச்சுன்னு சத்தம் வச்சுக்கிட்டுதான் இருக்கேன் தம்பி."

கீச்சுன்னு வர்ற சத்தத்தைக் கேக்குற சக்தி அந்தக் காதுக்குப் போயிடுச்சாம். திரும்பி வராதாம்.

இப்ப வேலையில வெறும் இயர் மஃப் மட்டும்தான். எம்ஆர்டி ட்ரெயின்லயும் பாட்டு கிடையாது. ஃப்ரெண்டு எவனாவது இடது பக்கம் நடந்தா, "இந்தப் பக்கம் வா லா"ன்னு இழுத்துக்குவேன். படுக்கிறதும் இடது பக்கம்தான். இருக்கிறது ஒரே ஒரு நல்ல காது, அது தலகாணியில அமுங்காம மேல பாத்துதான் இருக்கணும்.