ராணியும் நானும் இருந்த காம்பரா

ஈரம் காயாத சேலையின் வாசம்தான் என் பத்து வயதின் வாசம். கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மண் சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயம் உடைந்தபோது, ராணியும் அவள் அம்மா பொன்னம்மா அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீடென்றால், "காம்பரா" என்று நாங்கள் சொல்லும் ஒரே அறை. அதன் நடுவே அம்மா பழைய சேலையொன்றைக் கட்டி, இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு என்று பிரித்தார்.

ராணிக்கும் என் வயதுதான். சேலைக்கு அடியில் கைவிட்டுப் பென்சிலும் ரொட்டித் துண்டும் மாற்றிக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடைமழையில் அவர்கள் பக்கத்துத் தகரம் ஒழுகத் தொடங்க, கொப்பி நனையாமல் எழுதுவதற்காக அவள் என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஏதோ எரிச்சலில் கத்திவிட்டேன்: "இது எங்க காம்பராடி. ஒங்க எடத்துக்குப் போ!"

அடுப்படியிலிருந்த அத்தைக்குக் கேட்டுவிட்டது. இரண்டு நாள் கழித்து அவர் அம்மாவிடம், "எத்தன நாளைக்கு அக்கா ஒங்களுக்குப் பாரமா இருக்கிறது? கொழும்புல ஒரு வீட்டுல புள்ள பாக்க ஆள் கேக்குறாங்க, ராணிய அனுப்பிடுறேன்" என்றார். அம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். கொட்டகலையில் பஸ் ஏறும்போதுகூட ராணிக்கு என்மேல் கோபமில்லை. "நான் வர்ற வரைக்கும் என் பக்கத்துலயும் நீயே படுத்துக்க" என்றாள்.

இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு வரவில்லை. அத்தை தேடிப் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

நான் இப்போது ஆங்கில ஆசிரியை. சென்ற பள்ளித் தவணையில், பாடத்தில் வந்த 'காம்ரேட்' என்ற சொல்லுக்குத் தோழர் என்று பொருள் சொல்லிவிட்டு, அதன் வேரைக் காட்டலாமென்று வகுப்பிலேயே அகராதியைப் புரட்டினேன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கு முன் ஸ்பானிய மொழியில் 'கமராதா', ஒரே அறையில் சேர்ந்திருப்பவர். அறைக்கு லத்தீனில் 'கமெரா'. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில், வளைந்த கூரை. அதே லத்தீன் சொல்தான் போர்த்துக்கீசரோடு கடல் கடந்து வந்து எங்கள் லயத்தில் காம்பராவாகியிருக்கிறது. அன்று மேற்கொண்டு பாடம் நடத்த என்னால் முடியவில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. தனித்தனி வீடுகள் வந்துவிட்டன. காம்பரா என்றால் என் மகளுக்கே விளங்குவதில்லை. அன்று நான் கத்தியதை ஒருநாளும் வாயெடுத்துச் சொல்லாத பொன்னம்மா அத்தை போன மாதம் இறந்துபோனார். "மக மொறையில யாராச்சும் வந்து வாய்க்கரிசி போடுங்க" என்று கூப்பிட்டபோது யாரும் நகரவில்லை. நான் எழுந்து போனேன்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்டார்.

அரிசியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.