வேர்வை நின்ற மதியம்

தாராவியில் நாங்கள் பதினெட்டு வருஷம் மேல்வீட்டில் இருந்தோம். சந்திலிருந்து இரும்பு ஏணி ஏறினால் ஒரே அறை. அதற்கு மேலே தகரக் கூரை. நான் விடிகாலையில் இட்லி அவிப்பேன். என் வீட்டுக்காரர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் மாட்டுங்காவில் விற்றுவிட்டுப் பதினொரு மணி வாக்கில் திரும்புவார். சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

முதலில் மாறியது மாவு. சாயங்காலம் அரைத்து வைத்தால் விடியும்போதுதான் பொங்கியிருக்கும். சில வருஷமாக நாங்கள் படுக்கப் போகுமுன்பே மூடியைத் தள்ளிக்கொண்டு வழிய ஆரம்பித்தது. "இப்பல்லாம் இட்லி புளிக்கறதே" என்று மாட்டுங்காவில் ஒரு அம்மா சொன்னார்களாம். அதன் பிறகு ஐஸ் கட்டி போட்டு அரைத்தேன். இதற்குப் பின்னால் பெரிதாக எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது காற்று. எவ்வளவு வெயில் அடித்தாலும் பன்னிரண்டு மணிக்கு மாகிம் பக்கமிருந்து கடல்காற்று வந்துவிடும். அது வந்தால்தான் எங்கள் அறையில் கண்ணயர முடியும். அங்கே இருந்த கடைசி வருஷம் பங்குனியில் மணி இரண்டாகியும் காற்று இல்லை. எதிர்க் கூரையில் புறாக்கள் இறக்கையை விரித்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. விரட்டினாலும் பறக்கவில்லை.

அன்றைக்கு நானும் மகளும் ரேஷன் கடைக்குப் போயிருந்தோம். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. திரும்பி ஏணி ஏறும்போது பிடிக்கம்பி கையைச் சுட்டது. அவர் தரையில் ஒருச்சாய்த்துப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.

"சாமானை எடுத்து வைட்டி. ரயில் வந்துட்டு" என்றார்.

தூக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். "எந்த ரயிலு? எந்திரிங்க, தண்ணி குடிங்க" என்று கழுத்தில் கைவைத்துத் தூக்கப் போனேன். என் முழங்கையிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கழுத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மாதிரி இருந்தது.

மகள்தான் முதலில் சுதாரித்தாள். "அம்மா, இது ஹீட் ஸ்ட்ரோக். ஸ்கூல்ல வீடியோ காட்டுனாங்க. தண்ணி ஊத்து, ஜல்தி" என்றாள். மாவுக்கு வைத்திருந்த ஐஸை அவர் கக்கத்திலும் கழுத்திலும் வைத்தோம். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். அதுவரைக்கும் எனக்கு இருந்த பயம் பயமே இல்லை.

கீழ்வீட்டு மதினி சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டாள். நாலு பேர் அவரைப் போர்வையில் கட்டி ஏணி வழியாக இறக்கினார்கள். ஆட்டோ எங்கள் சந்துக்குள் வராது. பெரிய ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டே ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் அவரைப் போல இன்னும் மூன்று பேர் கிடந்தார்கள். ஒருவர் வாட்ச்மேன், ஒரு பெண் ரோட்டில் காய்கறி விற்கிறவள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். என்ன சாப்பிட்டார் என்று கேட்கவில்லை. "வீட்டுக்கு மேலே என்ன கூரை?" என்று இந்தியில் கேட்டார். தகரம் என்றேன். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். "இனி பகலில் அதன் கீழே படுக்க விடாதீர்கள். இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார்" என்றார்.

ஐந்தாம் நாள் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். என்னை அடையாளம் தெரிந்தது. ஆனால் கை நடுக்கம் போகவில்லை, பேச்சும் மெதுவாகிவிட்டது. அந்த மாதமே மேல்வீட்டைக் காலி செய்து அடுத்த சந்தில் ஒரு கீழ்வீட்டுக்கு மாறினோம். இரண்டு பக்கமும் மாடி வைத்த வீடுகள். நடுப்பகலிலும் வெயில் உள்ளே வராது. முதல் நாள் சில்லென்ற தரையில் உள்ளங்காலை வைத்ததும் எனக்கு அழுகை வந்தது.

மதினி மட்டும் முகத்தைச் சுளித்தாள். "பள்ளத்துல இருக்கே. மழைக்கு என்ன செய்வீய?"

"மழைக்கு ஆனி ஆவும். அதுக்குள்ள வாசல்ல செங்கல் வச்சுக் கட்டிருதோம்" என்றேன்.

மழை வைகாசியிலேயே வந்துவிட்டது. செங்கல் வாங்கவில்லை. காலை பத்து மணி இருக்கும், அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்றுதான் நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரியின் ஓட்டை வழியாகக் கொப்பளித்து வந்தது, கருப்பாக. துணியைச் சுருட்டி அடைத்தேன். துணியைத் தள்ளிவிட்டு வந்தது. மகள் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். கிரைண்டரை எங்களால் அசைக்க முடியவில்லை. அது மெல்ல மெல்ல முழுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் என் முழங்காலுக்கு ஏறியபோது, "ஏட்டி, பழைய வீட்டுக்கே போயிருவமா?" என்று கேட்டார். அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலும் அந்தத் தகரத்துக்குக் கீழே அவரை எப்படிக் கொண்டுபோய் வைப்பேன்?

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. அழுகல் வாடை மட்டும் ஒரு மாதம் போகவில்லை. பிறகு வாசலில் செங்கல் கட்டினோம், மோரிக்கு ஒரு மூடி போட்டோம். அது தாங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். இட்லியை நான்தான் கொண்டுபோகிறேன், எட்டு மணிக்குள் திரும்பிவிடுகிறேன்.

மகள் தினமும் போனில் வானிலை பார்த்துச் சொல்வாள். எச்சரிக்கை என்றால் முதலில் மஞ்சள், அதற்கு மேல் ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு என்று எனக்கும் படிப்பித்திருக்கிறாள். போன வாரம் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து, "அம்மா, நாளைக்கு ஆரஞ்சு" என்றாள்.

"எதுக்கு? வெயிலுக்கா, மழைக்கா?" என்று கேட்டேன்.

"இரு, பாக்கேன்" என்றாள். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.