வலப்பக்கச் சட்டைப்பை

பேஸ்மேக்கர் வைத்த பிறகு என் சட்டைப்பை வலப்பக்கத்துக்கு மாறியது. கைப்பேசி இடப்பக்கம் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு வழக்கமாகத் தைக்கும் பாயிடம், "இனிமே பை வலப்பக்கம் இருக்கட்டும் பாய்" என்று மட்டும் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. தைத்து வந்த சட்டையில், இடது காறை எலும்புக்குக் கீழே, உட்புறமாக ஒரு மெல்லிய துணி கூடுதலாக இருந்தது. கச்சிதமாகத் தைப்பவர் ஏன் ஒட்டுப்போட்டார் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

டாக்டருக்கும் மனைவிக்கும் தெரியும்; மற்றபடி விஷயத்தை நான் சொன்னது நண்பனிடம் மட்டுமே. பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருப்பவன். தினமும் காலையில் சேர்ந்து நடப்போம்.

மாசி மகத்தன்று ரெட்டியார்பாளையத்திலிருந்து எங்கள் தெருக் கோயில் சாமியை டிராக்டரில் கடற்கரைக்குக் கொண்டுபோவோம். மணலில் இறக்கி, அலைவரை பல்லக்கைத் தோளில் சுமந்து போக வேண்டும். பின்தண்டில் இடப்பக்கம் என் இடம். எனக்கு முன் என் அப்பாவின் இடம். அது போய்விடக் கூடாது என்றுதான் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை.

தண்டு எந்தத் தோளில் உட்காரும் என்று டாக்டருக்குத் தாளில் வரைந்து காட்டினேன். "வலது தோள்தானே? தாராளமா தூக்குங்க. இடதுக்கு மட்டும் மாத்தாதீங்க" என்றார். அதை நண்பனிடம் அப்படியே ஒப்பித்தேன். "அப்புறம் என்னடா, இந்த வருஷமும் நீயும் நானும்தான்" என்று வலது தோளாகப் பார்த்துத் தட்டினான்.

கடற்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் இடத்துக்குப் போனபோது, அங்கே நண்பனின் மச்சான் நின்றிருந்தான். கோயில் காரியம் பார்ப்பவர் என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, நீங்க இப்படி நிழல்ல குந்துங்க."

பிளாஸ்டிக் நாற்காலி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

"ஏன்யா?"

"நெஞ்சுல மிஷின் வச்சிருக்காமே. சொல்லவே இல்ல பாத்தீங்களா. நடுவுல மயங்கி சாமியோட சாஞ்சுட்டீங்கன்னா?"

பல்லக்கின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன், "கடல் தண்ணி பட்டா ஷாக் அடிக்குமாண்ணே?" என்றான். சிரித்தார்கள். முன்தண்டில் நின்ற நண்பன் திரும்பவில்லை. முந்தின நாள் காலையில்கூட, வேட்டி துவைத்தாயிற்றா என்று என்னைக் கேட்டவன்.

சாமி அலையைத் தொட்டுத் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு பெண் மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு நண்பன் வந்தான்.

"உன் நல்லதுக்குத்தான்டா சொன்னேன். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வூட்ல நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"டாக்டர் சொன்னதையும் சொன்னியா?"

"எது?"

"வலது தோள்ல தூக்கலாம்னு."

வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினான். "அதெல்லாம் அவங்களுக்கு எங்கடா புரியப் போவுது."

"உன் மச்சான் எத்தினி வருஷமா அந்த எடத்தக் கேட்டுட்டிருந்தான்? அது மட்டும் புரிஞ்சுதா?"

தன் வண்டியை நோக்கிப் போனான்.

அடுத்த நாள் முதல் தனியாக நடந்தேன். என் உடம்பைப் பற்றி இனி நானே, முழுதாக, கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சட்டைத் துணியோடு முதலில் பாயிடம் போனேன்.

"பாய், வலப்பக்கம் பை வைக்கச் சொன்னேனே, அது எதுக்குன்னா..."

"தெரியும் சார்." துணியை விரித்து அளந்துகொண்டே சொன்னார். "உங்க சிநேகிதரு அப்பவே சொன்னாரு. மொத சட்டைய நான் வெட்டக்கூட இல்ல. அதான் அந்த எடத்துல உறுத்தக் கூடாதுன்னு உள்ள ஒரு துணி குடுத்தேன். இதுலயும் வைக்கட்டுமா?"

முதல் சட்டை என்றால், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம். யாரிடமும் சொல்லாதே என்று நான் கேட்க, அவன் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்ட வாரம். இப்போது நான் போட்டிருந்ததும் அந்த முதல் சட்டைதான்.

"வைங்க பாய்" என்றேன்.