மைனிக்கு ஒரு லிட்டர், எனக்கு ஒரு லிட்டர்

எங்கள் பக்கம் ஒருத்தன் புது வண்டி வாங்கி வந்தால் நிறம், விலை எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "எவ்வளவு கிடைக்கு?" என்பது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். வண்டிக்காரன் பத்து கிலோமீட்டர் கூட்டிச் சொல்வான். கேட்டவன் மனசுக்குள் பதினைந்தைக் கழித்துக்கொள்வான். இரண்டு பேருக்கும் திருப்தி.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அவன் கல்ஃபுக்கு விமானம் ஏறியதும் சாவி என் பாக்கெட்டுக்குள் வந்தது. அது ஐம்பத்தைந்து கொடுக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்று எனக்கே தெரியாது. பெட்ரோல் அண்ணன் செலவு. அளந்து பார்க்க எனக்கென்ன தலைவிதி?

வீடு கீரிப்பாறைக்குக் கொஞ்சம் கீழே, ரப்பர் மரங்களுக்கு நடுவில். அம்மா எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறாள். எனக்கு பூதப்பாண்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. பத்து மணிக்குத்தான் கடை திறக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை என்னை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனதிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். கல்யாணம், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த பேனரில் எழுத்துப் பிழை இருந்தாலும் அது என் கைவண்ணம்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது மைனிக்கு வேலை கிடைத்தது. மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள். நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்களாம். எங்கள் வழியாகப் போகும் முதல் பஸ் நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரவே ஏழரை தாண்டும். பிந்தி வருவதாக இருந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று லேப்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆக, ஸ்கூட்டர் இருந்தால் மைனிக்கு வேலை. இல்லாவிட்டால் இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் வீடியோ காலில் வந்தான்.

"லேய், திங்கக்கெழமைல இருந்து சாவிய மைனிகிட்ட குடுத்துரு."

"குடுக்கலாம்ணே. ஆனா பெட்ரோல யோசிச்சுப் பாத்தியா? வண்டி என் கையில அம்பத்தஞ்சு தருது. மைனி பிரேக்கப் புடிச்சிக்கிட்டே ஆக்சிலேட்டர முறுக்குவாங்க. குடிச்சே அழிச்சிரும்."

"நான் ஓட்டுனத நீ எப்பம்டே பாத்த?" அடுக்களையிலிருந்து மைனியின் குரல் வந்தது.

"கோயிலுக்குப் போனீங்கள்லா, ஒரு நாளு. வண்டி இருமிக்கிட்டே வந்துச்சு."

"அது நீ ஓட்டி ஓட்டி அதுக்கு வந்த இருமலு."

அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் வாயைக் கொடுக்க மாட்டான். அன்றைக்கும் சாமர்த்தியமாகத் தப்பித்தான். "செரி, ஒரு காரியம் செய்யுங்க. ஆளுக்கு ஒரு லிட்டரு. வீட்டுல இருந்து வடசேரி போய்த் திரும்பி வரணும். யாரு வீட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்காங்களோ அவங்களுக்கு வண்டி. பொறவு எங்கிட்ட யாரும் பராதி சொல்லப்பிடாது."

மைனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபோனைப் பார்த்து, "சம்மதம்" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மைலேஜ் பார்க்கும் வைத்தியம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்றுதான். டாங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோலை ஒரு பாட்டிலில் ஊற்றி, கண்ணாடிக் கம்பியில் தலைகீழாகக் கட்டி, அதிலிருந்து ஒரு டியூபை எஞ்சினுக்கு இழுத்துவிடுவார்கள். பாட்டில் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். மெக்கானிக் என் கூட்டுக்காரன், பழைய சினேகிதன். சனிக்கிழமை விடிந்ததுமே வந்து கட்டிவிட்டான். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து ஓடி வந்த மாதிரி இருந்தது வண்டி.

மைனி அதற்கு முந்தின சாயங்காலமே தடிக்காரன்கோணம் போய் இரண்டு டயருக்கும் காற்றுப் பிடித்துவிட்டு வந்திருந்தாள். அதோடு விடவில்லை. சீட்டைத் தூக்கி உள்ளே கிடந்ததை எல்லாம் முற்றத்தில் எடுத்துப் போட்டாள். ஒரு சுத்தியல், ஃப்ளெக்ஸ் கட்டும் கம்பிச்சுருள், நனைந்த மழைக்கோட்டு, நான்கு கிரிக்கெட் பந்து, எப்போதோ வைத்து மறந்த ஒரு தேங்காய்.

"இது டிக்கியா, ஆக்கர் கடையா? இந்தப் பழைய இரும்பெல்லாம் சுமந்துக்கிட்டு வண்டி எப்படிடே அம்பத்தஞ்சு தரும்?"

"தேங்காய் முளைக்கட்டும்னு வச்சிருந்தேன் மைனி."

சாட்சிக்கு நானும் கூட்டுக்காரனும் அவன் பைக்கில் பின்னால் போனோம். என் ஆயுசில் அவ்வளவு அலுப்பான பயணம் போனதில்லை. மைனி நாற்பதிலேயே போனாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேகத்தடை ரொம்பத் தூரத்தில் தெரியும்போதே கையைத் தளர்த்திவிடுவாள். வண்டி தானாகவே அடங்கி, தடையை மெல்ல ஏறி இறங்கும். பிரேக் விளக்கு எரிந்து நான் பார்க்கவே இல்லை. ஒரு வளைவில் கோழி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

"மைனி, கல்யாண ஊர்வலமா போறோம்?" என்று கத்தினேன்.

"பொறத்தால வாற மாப்பிள்ள நீதானா? மூஞ்சி செரியில்லியே!"

கூட்டுக்காரன் சிரித்த சிரிப்பில் பைக் ஒரு ஆட்டம் ஆடியது. வடசேரி சிக்னலில் அவள் எஞ்சினையே அணைத்துவிட்டு நின்றாள். பச்சை விழுந்ததும் மெதுவாக எடுத்தாள், பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அலறவிட்டும் அவசரப்படவில்லை. திரும்பி வரும்போது பாட்டிலில் பாதிக்கும் மேல் கிடந்தது. என் சிரிப்புதான் பாட்டிலைவிட வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் வீட்டுக்கு இரண்டு வளைவு கீழே, ஓடையைத் தாண்டும் சின்னப் பாலமான கலுங்கில் வண்டி ஒரு தும்மல் தும்மி நின்றது. மைனி இறங்கி, பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, கலுங்குச் சுவரில் நீளமாக ஒரு கோடு போட்டாள்.

"நாளைக்கி வந்து தாண்டு, கொழுந்தனாரே."

ஞாயிற்றுக்கிழமை என் முறை. கூட்டுக்காரன் பாட்டிலைக் கட்டிவிட்டு சர்ச்சுக்குப் போய்விட்டான். எனக்குச் சாட்சி யாரும் இல்லை. வாசலில் மைனியின் வெள்ளைக் கோட்டு இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி வண்டியை எடுத்தேன்.

நானும் நாற்பதில்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக. தடிக்காரன்கோணம் தாண்டியதும் ஒரு பஸ் முன்னால் போனது. பஸ்ஸுக்குப் பின்னால் புகையைத் தின்றுகொண்டு போக என்னால் முடியாது. முறுக்கி முந்தினேன். பூதப்பாண்டியில் கடைப் பையன்கள் நின்று கை காட்டினார்கள். அவர்கள் முன்னால் மைனி மாதிரி போனால் அடுத்த வாரம் எனக்கே கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துவிடுவார்கள். அங்கேயும் ஒரு முறுக்கு. எதிரில் மாடு வந்ததால் ஒரு பிரேக். மாடு போனதால் மறுபடி ஒரு முறுக்கு. வடசேரியில் திரும்பும்போது பாட்டிலைப் பார்த்தேன். பாதியும் இல்லை.

அதன்பிறகு ஒழுங்காகத்தான் ஓட்டினேன். என்ன பிரயோசனம்? தடிக்காரன்கோணம் வந்தபோது பாட்டிலில் ஒரு வாய் அளவுதான் ஆடிக்கொண்டிருந்தது. ஏற்றம் எல்லாம் இனிமேல்தான்.

அப்போதுதான் ஒரு மினி லாரி வந்தது. கீழே தோட்டங்களில் வாங்கிய ரப்பர் பாலை பேரல்களில் ஏற்றிக்கொண்டு மேலே போகிறது. பேரல்களைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் நுனி பின்னால் வால் மாதிரி ஆடியது. ஏற்றத்தில் லாரி முக்கி முனகி மெதுவாகத்தான் போனது. நான் எஞ்சினை அணைத்தேன். ஒரு கையால் கயிற்றைப் பிடித்தேன். ஸ்கூட்டர் பேசாமல் பின்னால் வந்தது. ஒரு சொட்டுச் செலவில்லாமல் மலையேறுகிற சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. யாரும் செய்து பார்க்கவும் வேண்டாம்.

நடுவில் ஒருமுறை அந்த வெள்ளைக் கோட்டு ஞாபகம் வந்தது. நாளைக்கு அது ஆணியிலேயே கிடக்குமே என்று தோன்றியது. கயிற்றை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கலுங்கும் சாக்பீஸ் கோடும் பின்னால் போய்விட்டன.

அடுத்த வளைவில் லாரி சட்டென்று ஒடித்துத் திரும்பியது. கடைசி பேரலின் மூடி லேசாகத் திறந்து, ஒரு சொம்பு அளவு பால் நேராக என் தலையில் விழுந்தது. கயிற்றை விட்டேன். தலை, வலது புருவம், சட்டைக் கை. கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டையும் ஒட்டிக்கொண்டது.

மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டியைக் கிளப்பி, ஹாரன் அடித்துக்கொண்டே முற்றத்துக்குள் வந்து நின்றேன்.

"அம்மா! மைனி! வீட்டு முத்தத்துலயே வந்தாச்சு! பாட்டில்ல இன்னும் ரெண்டு சொட்டு கெடக்கு!"

மைனி வந்து பாட்டிலைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். "செரி" என்றாள். கேலி இல்லை, சண்டை இல்லை, வெறும் செரி. வாசல் ஆணியிலிருந்து கோட்டை எடுத்து, மடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏலே, இங்க வா. தலையில என்னது?"

"மோரும்மா. வடசேரில வாங்கிக் குடிச்சேன்."

"மோர ஏன் மக்கா தலையில குடிச்ச?"

பக்கத்தில் வந்து சட்டைக் கையில் இருந்த வெள்ளையைக் கிள்ளி இழுத்தாள். அது ஒரு சாண் நீளத்துக்கு வந்து, விட்டதும் 'டப்'பென்று என் கையிலேயே அடித்தது.

"இத்தன வருசமா பாலு வெட்டுகேன். எங்கிட்டயே மோருங்கான், சவத்து மூதி." முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். "ஒறையாம இருக்க மருந்து ஊத்துன பேரல் பாலுலா இது. எந்த லாரிக்க வாலப் புடிச்சுக்கிட்டு வந்த?"

புருவம் கண்ணோரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் திருட்டு முழிகூட முழிக்க முடியவில்லை. "கலுங்குக்குக் கீழ இருந்தே புடிச்சிக்கிட்டு வந்தேம்மா" என்றேன். "மைனி, கோட்ட மடிக்காதீங்க."

மைனி வாசலில் வந்து நின்று என் தலையைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு வந்த சிரிப்பை அடக்க அந்தக் கோட்டாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு ஃபோட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவனிடமிருந்து பதிலாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் பேச்சே இல்லை, முழுக்கச் சிரிப்பு.

தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தும் முடியில் ஒட்டியது போகவில்லை. மைனி கத்திரிக்கோலை எடுத்து வந்தாள்.

"அசையாத. லேப்புக்குப் போறதுக்கு மின்னாடியே மொத கேஸு."

முன்முடி போயிற்று. பாதிப் புருவமும் போயிற்று. நான் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. மைனி வெள்ளைக் கோட்டை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். நான் பல்கூடத் தேய்க்காமல் ஓடி வந்தேன்.

"மைனி, பூதப்பாண்டில இறக்கி விட்டிருங்க."

"ரெண்டு ஆளு ஏறுனா மைலேஜ் கொறையும்லா."

"போறது எறக்கம்தான மைனி. நம்ம கனத்துக்கு வண்டி தன்னால போவும்."

கொஞ்சம் யோசித்தாள். "செரி, ஏறு. வாறப்ப ஏத்தம். பஸ்ஸுல வந்துரு."

வழியெல்லாம் நாற்பதுதான். பழைய கோழி மறுபடி முந்தியதா என்று நான் கவனிக்கவில்லை, அரைத்தூக்கத்தில் இருந்தேன். பூதப்பாண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். கடை பூட்டிக் கிடந்தது. படியில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, லேப் போய்ச் சேர்ந்துவிட்டதாக மைனியிடமிருந்து ஃபோனில் மெசேஜ் வந்தது. "எத்தியாச்சு."

கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எதிர்ச் சாயாக்கடைக்காரர் என் பாதிப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் ஒரு சாயா சொன்னேன்.